தலைக்காயத்துக்குப் பின் வரும் மறதி: வீட்டில் எழும் கேள்விகளும் பதில்களும்

என் கணவர் 2017ஆம் ஆண்டு இரு சக்கர வாகன விபத்தில் தலையில் அடிபட்டு, 19 நாட்கள் மருத்துவமனையில் இருந்துவிட்டு வீடு திரும்பினார். காயம் ஆறியது, கை கால்கள் பழையபடி இயங்கின, பேச்சும் தெளிவாக இருந்தது. ஆகவே பிழைத்துவிட்டார் என்று நிம்மதி அடைந்தோம். காலையில் சாப்பிட்டதை மதியம் மறந்துவிடுவார் என்பதையும், ஒரே கேள்வியை ஒரு மணி நேரத்தில் பத்து முறை கேட்பார் என்பதையும் அங்கிருந்து அனுப்பும்போது யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அதன் பிறகு மருத்துவர்களிடமும் உளவியலாளர்களிடமும் எங்களைப் போன்ற குடும்பங்களிடமும் கற்றதை, என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்விகளை வைத்து இங்கே எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் அல்ல. மருந்து தொடர்பான எந்த முடிவையும் உங்கள் நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் எடுக்காதீர்கள்.

பள்ளிக்கூட நாட்களைத் துல்லியமாகச் சொல்கிறார், இன்று காலை நடந்தது தெரியவில்லை என்கிறார். நடிக்கிறாரோ?

நடிப்பு அல்ல. புதிதாக நடப்பவற்றைப் பதிவு செய்யும் பகுதியும், பல ஆண்டுகளுக்கு முன் பதிந்தவை தங்கியிருக்கும் பகுதிகளும் மூளையில் ஒன்றே அல்ல. காதுக்கு உள்பக்கமாக, பொட்டு மடலின் ஆழத்தில் இருக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற சிறு பகுதி பழுதுபட்டால், பழைய நினைவுகள் பெருமளவு நிற்கும், புதியவை தங்காது. 1953இல் அமெரிக்காவில் வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர், வலிப்பு நோயைக் குறைப்பதற்காக 27 வயது ஹென்றி மொலைசனின் மூளையில் இரு பக்கமும் இந்தப் பகுதியை அகற்றினார். அவர் 2008இல் இறக்கும்வரை, சற்று முன் சந்தித்தவரைக்கூடப் புதியவராகவே பார்த்தார். ஆனால் சிறு வயது நினைவுகளும் பேச்சும் அறிவுத்திறனும் அவரிடம் இருந்தன. நினைவு பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பங்கு அவரை வைத்துக் கற்றதே.

விபத்தில் சேதம் அவ்வளவு துல்லியமாக ஓர் இடத்தில் நிற்பதில்லை. வேகமாகப் போய் மோதும்போது, மண்டையோட்டின் அடிப்பகுதியில் உள்ள கரடுமுரடான எலும்பு விளிம்புகளில் மூளை உரசுகிறது. முன்மடலும் பொட்டு மடலும் அதிகம் அடிபடுவது இதனால்தான். நரம்பிழைகள் இழுபட்டு அறுவதும் உண்டு, அது சாதாரண ஸ்கேனில் தெரியாமலே போகலாம். 'ஸ்கேன் நார்மல்' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவரைச் சோம்பேறி என்றோ பிடிவாதக்காரர் என்றோ முடிவு கட்டிவிடாதீர்கள்.

விபத்து நடந்த நாளே அவருக்கு நினைவில்லை. அது என்றாவது திரும்புமா?

பெரும்பாலும் திரும்பாது. அடிபட்ட பின் சில மணி நேரமோ, நாட்களோ, வாரங்களோ மூளை எதையும் தொடர்ச்சியாகப் பதிவு செய்வதில்லை. அந்த நேரத்தில் அவர் கண் விழித்துப் பேசியிருக்கலாம், உங்கள் பெயரைக்கூடச் சொல்லியிருக்கலாம். ஆனாலும் அது பதியவில்லை. பதியாத ஒன்றைத் தோண்டி எடுக்க முடியாது. அந்தக் குழப்பமான காலம் எவ்வளவு நீண்டது என்பதை மட்டும் குறித்து வைத்திருங்கள், ஏனெனில் மருத்துவர்கள் அதைக் கேட்பார்கள். அது ஒரு நாளைத் தாண்டினால் கடுமையான காயம் என்றும், ஒரு வாரத்தைத் தாண்டினால் மிகக் கடுமையானது என்றும் பல காலமாகக் கணக்கிடுகிறார்கள். எங்கள் வீட்டில் அது 16 நாட்கள்.

எப்போது முழுமையாகச் சரியாகும்?

இந்தக் கேள்விக்கு நாள் குறித்துப் பதில் சொல்பவரை நம்பாதீர்கள். முதல் ஆறு மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். ஓரிரு ஆண்டுகள் வரை மெதுவாகத் தொடரும். அதற்குப் பிறகும் வாழ்க்கை எளிதாகிக்கொண்டே போகலாம், ஆனால் அது நினைவு திரும்புவதால் அல்ல, மறதியோடு வாழும் வழி பழகிவிடுவதால். கடுமையான காயத்துக்குப் பின் ஓரளவு மறதி நிலைத்துவிடுவதுதான் வழக்கம் என்பதை நான் இரண்டு ஆண்டுகள் ஏற்கவில்லை. ஏற்றிருந்தால் அந்த இரண்டு ஆண்டுகளை அவரைச் சோதிப்பதில் வீணாக்கியிருக்க மாட்டேன்.

ஒன்றை நினைவில் கொள்ளுங்கள்: முதுமை மறதி நோய் போல இந்த மறதி நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும் தன்மை உடையது அல்ல. தேறி வந்தவருக்குத் திடீரென்று மறதி கூடினால் அதற்குக் காரணம் தேட வேண்டும். மூளை உறைக்கு அடியில் மெல்ல இரத்தம் சேர்வது, மூளை நீர் தேங்குவது, கண்ணுக்குத் தெரியாத வலிப்பு, மருந்தின் அளவு, தைராய்டு அல்லது பி12 குறைவு, தூக்கமின்மை, மனச்சோர்வு ஆகிய எதுவும் காரணமாக இருக்கலாம். இவற்றில் பல சிகிச்சையால் சரியாகக் கூடியவை.

வல்லாரை, பாதாம், ஞாபகசக்தி விளையாட்டுகள் உதவுமா?

வல்லாரைத் துவையல் நல்ல உணவு, சாப்பிடலாம். ஆனால் காயத்தால் போன நினைவை அது மீட்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். லேகியமோ மாத்திரையோ என்றால், வலிப்பு மருந்து எடுப்பவர் மருத்துவரிடம் காட்டாமல் தொடங்கவே கூடாது. செல்போனில் வரும் நினைவு விளையாட்டுகளைத் தினமும் ஆடினால் அந்த விளையாட்டில் மதிப்பெண் கூடும். சாவியை எங்கே வைத்தோம் என்பது அதனால் நினைவுக்கு வராது. பயிற்சி செய்தால் தசை போல நினைவும் வலுக்கும் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது, அதனால்தான் இத்தனை குடும்பங்கள் மாலையில் உட்கார்ந்து 'நேத்து யார் வந்தாங்க, சொல்லுங்க பார்ப்போம்' என்று கேட்கின்றன. நானும் கேட்டேன். அவர் கண் கலங்கியதைத் தவிர அதனால் ஒன்றும் நடக்கவில்லை.

அப்படியானால் எங்கிருந்து தொடங்குவது?

தலைக்குள் தங்காததை வெளியே, ஒரே இடத்தில், மாறாத முறையில் வையுங்கள். என் அனுபவத்தில் எல்லாவற்றையும்விட உதவியது ஒரு நோட்டு. சட்டைப்பையில் நுழையும் அளவு, தைத்த நோட்டு, நூலில் கட்டிய பேனா. துண்டுச் சீட்டுகள் கூடாது, இரண்டாவது நோட்டும் கூடாது. இரண்டு இருந்தால் எதில் எழுதினோம் என்பதே இன்னொரு மறதியாகிவிடும்.

ஒவ்வொரு நாளுக்கும் எதிரெதிரான இரண்டு பக்கங்கள். மேலே தேதியும் கிழமையும். இடப்பக்கம் செய்ய வேண்டியவை, வலப்பக்கம் நடந்தவை, நேரத்தோடு. வேலை முடிந்த பிறகே டிக் போட வேண்டும். 'இதோ செய்யத்தான் போகிறேன்' என்று முன்கூட்டியே போட்ட டிக்கினால் எங்கள் வீட்டில் மின்கட்டணம் இரு முறை தவறியது. கடைசிப் பக்கங்களில் காயத்துக்குப் பின் அறிமுகமான மனிதர்களின் பெயர், உறவு, எப்படித் தெரியும் என்பது. எழுத முடிந்தவரை அவரே எழுதட்டும்: பிறர் எழுதியதை அவர் சந்தேகிப்பார், தன் கையெழுத்தைச் சந்தேகிக்க மாட்டார்.

நோட்டை வாங்கிக் கொடுப்பது எளிது, அதைப் பார்க்க வைப்பதுதான் மாதக்கணக்கில் ஆகும் வேலை. சோல்பெர்க், மேட்டீர் என்ற இரு ஆய்வாளர்கள் 1989இல் இதற்கு மூன்று படிகள் வகுத்தார்கள்: முதலில் நோட்டில் எங்கே என்ன இருக்கிறது என்பதைக் கற்பது, பிறகு எப்போது எதை எழுதுவது என்று வீட்டுக்குள் பழகுவது, கடைசியாக வெளியிடங்களில் பயன்படுத்துவது. நாங்கள் ஏற்கெனவே உள்ள பழக்கங்களோடு அதை முடிச்சுப் போட்டோம். பல் துலக்கியதும், ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பின்னும், படுக்கும் முன்னும் நோட்டு. அவர் எதைக் கேட்டாலும், பதில் எனக்குத் தெரிந்திருந்தாலும், 'நோட்டைப் பாருங்க' என்பதே என் பதில். ஏறத்தாழ நான்கு மாதங்களுக்குப் பின் ஒரு நாள் அவர் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. எனக்கு அன்றைக்குத்தான் மூச்சு வந்தது.

அவர் நோட்டை வைத்துக்கொள்ளவே மறுக்கிறார். 'நான் என்ன சின்னப் பிள்ளையா' என்கிறார்.

என் கணவரும் அதையேதான் சொன்னார். அவருடைய அக்கா பீரோவிலிருந்து எங்கள் கல்யாண மொய் நோட்டை எடுத்து வந்து முன்னால் வைத்து, 'யார் எவ்வளவு எழுதினாங்கன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது தம்பி. இந்த நோட்டுக்குத் தெரியும்' என்றார். மளிகைக் கடைக்காரர் கடன் கணக்கையும் சீட்டு பிடிப்பவர் தவணையையும் எழுதித்தான் வைக்கிறார்கள். யாரும் அவர்களைக் குறைவாக நினைப்பதில்லை. வீட்டில் மற்றவர்களும் ஆளுக்கொரு நோட்டு வைத்துக்கொண்டால் தடை இன்னும் விரைவாக விலகும். சிலருக்குத் தமக்கு மறதி இருப்பதே தெரியாது. அதுவும் காயத்தின் விளைவே, வாதாடி அதை வெல்ல முடியாது. அப்படிப்பட்டவரிடம் மறதியைப் பற்றிப் பேசாமல், வேலைக்கு உதவும் கணக்கு நோட்டாக அதைக் கொடுங்கள்.

நோட்டு எதற்கு, செல்போன் போதாதா?

இரண்டும் வேறு வேறு வேலைகளைச் செய்கின்றன. நடந்ததைப் பார்க்க நோட்டு. இனிச் செய்ய வேண்டியதை உரிய நேரத்தில் உசுப்ப அலாரம். இங்கிலாந்தில் பார்பரா வில்சனும் அவருடைய குழுவினரும் மூளைக் காயம் முதலிய காரணங்களால் மறதி உள்ள 143 பேரிடம், இடுப்பில் மாட்டும் பேஜர் ஒன்றில் நினைவூட்டல் அனுப்பிப் பார்த்து, 2001இல் முடிவை வெளியிட்டார்கள். ஆய்வை முடித்தவர்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர், பேஜர் இருந்தபோது அன்றாட வேலைகளைக் குறிப்பிடத்தக்க அளவு கூடுதலாக முடித்தார்கள். இன்று அந்த வேலையைச் சாதாரண செல்போன் செய்யும்.

அலாரம் வெறுமனே ஒலித்தால் பயனில்லை, எதற்காக ஒலிக்கிறது என்பது திரையில் இருக்க வேண்டும். 'மாத்திரை' என்பதைவிட 'அலமாரியின் மேல்தட்டில் நீல டப்பா, அதில் இரவு வேளைக் கட்டம், தண்ணீரோடு' என்பது மேல். செயலைச் செய்யக்கூடிய நேரத்திலேயே அது ஒலிக்கவும் வேண்டும்: பேருந்தில் வரும்போது அடிக்கும் மாத்திரை அலாரம், வீட்டுப் படி ஏறுவதற்குள் காற்றோடு போய்விடும்.

ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார். சில நேரம் கத்திவிடுகிறேன். எப்படியும் மறந்துவிடுவார்தானே?

கத்தியது மறந்துபோகும், கத்தியதால் வந்த துன்பம் மறையாது. அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் கடுமையான மறதி உள்ளவர்களுக்குச் சோகமான படக்காட்சிகளைக் காட்டிப் பார்த்தார்கள். 2010இல் வெளிவந்த அந்த ஆய்வில், பார்த்த காட்சி நினைவில் இல்லாமல் போன பிறகும் அவர்களிடம் சோகம் தங்கியிருந்தது. காரணம் தெரியாத சோகம், காரணம் தெரிந்த சோகத்தைவிடக் கொடியது என்று எனக்குத் தோன்றுகிறது. அதைப் படித்த நாளில் நான் நெடுநேரம் அழுதேன்.

கேள்வி திரும்ப வருவதற்கு அவர் கண் படும் இடத்தில் பதில் இல்லாததே பல நேரங்களில் காரணம். கூடத்துச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டி, இன்று யார் எங்கே போயிருக்கிறார்கள், எத்தனை மணிக்கு வருவார்கள் என்று எழுதுங்கள். நம் வீடுகளில் இருக்கும் தினசரி காலண்டரைவிடச் சிறந்த கருவி இல்லை. ஆனால் தாளை அவர் மட்டுமே, காலைக் காப்பிக்கு முன் கிழிக்க வேண்டும், இல்லாவிட்டால் கிழித்தோமா இல்லையா என்ற குழப்பம் வரும். பதில் சொல்லும்போது முதல் முறை கேட்டது போலச் சொல்லுங்கள். 'இப்பத்தானே சொன்னேன்' என்பது பதில் அல்ல. பார்க்க வரும் உறவினர்களிடம், 'நான் யாருன்னு தெரியுதா?' என்று கேட்காமல் 'நான் உங்க சித்தப்பா மகன் வந்திருக்கேன்' என்று தொடங்கும்படி வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

இறந்துபோனவரைப் பற்றி உயிரோடு இருப்பதாக நினைத்துக் கேட்கிறார். உண்மையைச் சொல்வதா?

விபத்துக்கு மறு ஆண்டு என் மாமனார் இறந்தார். இறுதிச் சடங்கை என் கணவரே செய்தார். அடுத்த வாரமே, 'அப்பா சாப்பிட்டாரா?' என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன், அப்போதுதான் கேள்விப்பட்டவராக உடைந்துபோனார். மறுநாளும் அப்படியே. பொய் சொல்லிப் பார்த்தோம், 'ஊருக்குப் போயிருக்கார்' என்றோம். வேறு யாரோ உண்மையைச் சொல்லியபோது, எங்கள் எல்லோரையும் அவர் நம்பாமல் போய்விட்டார். ஒரு காலை அவர் அமைதியாக இருந்த நேரத்தில் அவரோடு உட்கார்ந்து, அவர் கையாலேயே ஒரு பக்கம் எழுத வைத்தேன்: அப்பா எப்போது, எதனால் இறந்தார், வலியில்லாமல் போனார், நான் அருகில் இருந்தேன், எல்லாக் காரியங்களையும் நானே செய்தேன். பதினாறாம் நாள் எடுத்த புகைப்படத்தையும் அங்கே ஒட்டினோம். அதன் பின் கேட்கும்போதெல்லாம் அந்தப் பக்கத்தைத் திறந்து கொடுத்தோம். ஒவ்வொரு முறையும் வருந்தினார், ஆனால் 'நான் கூட இருந்திருக்கேன்' என்ற வரியில் அவர் முகம் தணியும். சில மாதங்களில் கேள்வி நின்றது.

நடக்காததை நடந்ததாகச் சொல்கிறார். பொய் சொல்லப் பழகிவிட்டாரா?

இல்லை. நினைவில் விழுந்த ஓட்டையை மூளை, கையில் கிடைத்த பழைய துண்டுகளால் தானே அடைத்துவிடுகிறது. முன்மடலில் அடிபட்டவர்களிடம் இது அதிகம். ஏமாற்றும் நோக்கம் அதில் இல்லை. ஆபத்தில்லாத செய்தி என்றால் மறுக்காமல் பேச்சை நோட்டின் பக்கம் திருப்புங்கள். 'மாத்திரை போட்டுவிட்டேன்' போன்றவற்றில் மட்டும், அவர் சொல்லையோ உங்கள் நினைவையோ நம்பாமல் டப்பாவைப் பாருங்கள்.

அவரால் இனி புதிதாக எதையும் கற்க முடியாதா?

முடியும், கற்பிக்கும் முறைதான் வேறு. மொலைசனிடம் பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர், கண்ணாடியில் மட்டும் பார்த்து நட்சத்திர வடிவம் வரையச் சொன்னார். மூன்று நாட்களில் அவர் கை நன்கு தேறியது; ஆனால் ஒவ்வொரு நாளும், இதை இதற்கு முன் செய்ததே இல்லை என்றார். கை கற்கும், கற்றது தெரியாது.

ஆகவே ஊகித்துப் பார்க்கச் சொல்லிக் கற்பிக்காதீர்கள். நாம் ஒரு தவறு செய்தால், அது தவறு என்பதும் நமக்கு நினைவிருக்கும். அவருக்கோ தவறு மட்டும் பதியும், திருத்தம் பதியாது. பேட்லி என்ற உளவியலாளரும் மேலே சொன்ன பார்பரா வில்சனும் 1994இல், மறதி உள்ளவர்கள் தவறே நேராதபடி கற்பித்தால் மேலாகக் கற்கிறார்கள் என்று காட்டினார்கள். புது வீட்டில் குளியலறை எது என்று கற்பிக்க, 'எந்தக் கதவு, சொல்லுங்க' என்று கேட்காமல் ஒவ்வொரு முறையும் சரியான கதவுக்கே அழைத்துச் செல்லுங்கள். பிறகு உதவியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். பெயரோ எண்ணோ என்றால், சொல்லிக்கொடுத்து அரை நிமிடத்தில் கேளுங்கள், பிறகு ஒரு நிமிடம், இரண்டு, நான்கு என்று இடைவெளியை நீட்டுங்கள். தவறினால் உடனே சரியான விடையைத் தந்து முந்தைய இடைவெளிக்குத் திரும்புங்கள். பேரனின் பெயர் இப்படித்தான் அவருக்குப் படிந்தது.

வேலைக்குத் திரும்ப முடியுமா?

என் கணவர் லேத் பட்டறை வைத்திருந்தவர். இரும்பைக் கடையும் கை அப்படியே இருந்தது; எந்த ஆர்டர், எத்தனை முடிந்தது என்பதுதான் போய்விட்டது. வலிப்பு இல்லை என்று மருத்துவர் உறுதி செய்து எழுதித் தந்த பிறகே இயந்திரத்தின் அருகே விட்டோம். முடியாதவை வலப்பக்கத் தட்டில், முடிந்தவை இடப்பக்கத் தட்டில். வரைபடமும் அளவும் கண் மட்டத்தில் ஒட்டப்பட்டிருக்கும். ஒரு வேலை முடியாமல் அடுத்தது மேசைக்கு வராது. மதியம் மூன்று மணிக்கு மேல் அவருக்குக் களைப்பு வந்துவிடும், களைத்தால் மறதி இரட்டிப்பாகும். ஆகவே இப்போது அரை நாள் வேலை. வாடிக்கையாளரோடு பேசுவதும் பணம் வாங்குவதும் என் மைத்துனர் பொறுப்பு.

மாத்திரை, அடுப்பு, பணம், வெளியே போவது இவற்றில் எப்படிக் கவனமாக இருப்பது?

இவற்றில் நினைவை எந்த வகையிலும் நம்பாதீர்கள். மாத்திரையை ஏழு நாள் டப்பாவில், வேளைவாரியாக, வாரம் ஒரு முறை நீங்கள் நிரப்புங்கள். மீதி அட்டைகள் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் கடும் வலிப்பு வரலாம், இரு முறை போட்டால் தள்ளாட்டமும் மயக்கமும் வரலாம். சமையலுக்கு, தானே அணையும் இண்டக்‌ஷன் அடுப்பு நல்லது. கேஸ் அடுப்பு என்றால், குக்கர் விசிலை எண்ணச் சொல்லாதீர்கள், நிமிடக் கணக்கில் அலாரம் வையுங்கள், சமையல் முடிந்ததும் ரெகுலேட்டரை மூடுங்கள். சிறு தொகை மட்டும் உள்ள ஒரு கணக்கை அவருக்கென வைத்து, சேமிப்பை இருவர் பெயரிலான கணக்கில் வையுங்கள். ஓடிபி கேட்டு வரும் அழைப்புகளுக்கு இவர்கள் எளிதில் இரையாவார்கள். சட்டைப்பையில் பெயர், உங்கள் எண், தலைக்காயம் உண்டு என்ற குறிப்பு, எடுக்கும் மருந்துகள் கொண்ட ஓர் அட்டை இருக்கட்டும். வண்டி ஓட்டுவது மருத்துவர் அனுமதித்த பிறகே. மது அறவே கூடாது: அது நினைவைக் கெடுக்கும், வலிப்பைத் தூண்டும், மீண்டும் விழ வைக்கும்.

யாரிடம் போவது, எதை எடுத்துச் செல்வது?

நரம்பியல் மருத்துவரிடம், 'நரம்பு உளவியல் பரிசோதனை வேண்டும்' என்று நீங்களே கேளுங்கள். கேட்காவிட்டால் பல இடங்களில் ஸ்கேனோடு முடித்துவிடுகிறார்கள். எது கெட்டிருக்கிறது, எது நன்றாக இருக்கிறது என்று அதில்தான் தெரியும். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் நம் நாட்டவரை வைத்து அளவீடு செய்த பரிசோதனைத் தொகுப்பையே 2004இல் உருவாக்கியிருக்கிறது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மறுவாழ்வு மையத்தில் மூளைக் காயம் பட்டவர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். கடும் தலைவலி, வாந்தி, அதிகத் தூக்கம், ஒரு பக்கம் வலுவிழப்பு, வலிப்பு ஆகிய எதுவும் வந்தால் முன்பதிவுக்குக் காத்திராமல் 108ஐ அழையுங்கள். வழக்கமான சந்திப்புக்குப் போகும்போது அவருடைய நோட்டையும் எடுத்துச் சென்று, கடந்த இரண்டு வாரப் பக்கங்களை மருத்துவர் முன் திறந்து வையுங்கள். 'எப்படி இருக்கிறார்?' என்ற கேள்விக்கு, அவர் சார்பில் நீங்கள் பதில் சொல்லாமல், அவரே வாசித்துச் சொல்லட்டும்.